கெலமங்கலத்தில் தூக்கிவைத்த ரீல்

போன வாரம் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும், என்னிடம் வந்து, "ரெண்டாம் பாதி ரொம்ப இழுக்குதுன்னு ஒரு துண்டைத் தூக்கிட்டோம் சார், ஒருத்தருக்கும் தெரியலை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் தியேட்டர் பக்கம் வந்து உட்காருவது என் கெட்ட பழக்கம். வந்தால் இப்படி ஏதாவது காதில் விழும், அன்றைக்குத் தூக்கம் போகும். ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். தெரியாமல் இருப்பதுதான் தம்பி ஆபத்து. தெரிந்திருந்தால் நாலு பேர் சத்தம் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு மிஷின் ஓட்ட நான் சொல்லித் தர வேண்டியதில்லை. என் காலத்து மிஷினும் உங்கள் மிஷினும் வேறு. ஆனால் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஜனம் ஒன்றுதான். அது கத்த ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதை எந்தக் கம்பெனிக்காரனும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதனால் ஒரு மட்டமான படத்தைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல படங்களிடம் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அவை தானாக ஓடின, நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஐம்பதுகளில் நடந்தது. நாமெல்லாம் அப்போது சேலம் ஜில்லா. ஓசூரில் இன்று பார்க்கிற கம்பெனிகள், ஷிப்ட் சங்கு, பஸ் நெரிசல் எதுவும் கிடையாது. நான் வேலை பார்த்தது ஒரு டூரிங் டாக்கீஸில். கெலமங்கலம் சந்தைத் திடலை ஒட்டிக் கொட்டகை போட்டிருந்தோம். நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் கோட்டு போட்ட ஆளை நினைத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் கிழிப்பது, தரைக்கு மணல் கொட்ட ஆள் பிடிப்பது, விளம்பர வண்டியில் ஏறி ஊர் ஊராகக் கத்துவது, தகராறு வந்தால் முதல் அடி வாங்குவது, எல்லாம் மேனேஜர்தான்.

இதோடு இன்னொரு வேலையும் இருந்தது. எங்களிடம் ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அந்த இடைவெளியில் நான் மைக்கைப் பிடித்து, இதுவரை நடந்த கதையைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லுவேன். படம் தமிழ்ப் படம்தான். ஆனால் கொட்டகையில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். வேகமாக வசனம் பேசினால் அவர்களுக்குப் பிடிபடாது. எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் இது வழக்கமாகிவிட்டது. கதை சொல்லவில்லை என்றால் டிக்கெட் வாங்கியவன் விடமாட்டான். "யாருப்பா அந்த மீசைக்காரன், அண்ணனா மாமனா, சொல்லிட்டுப் படத்தைப் போடு" என்பான்.

டூரிங் கொட்டகைக்கு ஓர் ஊரில் தங்க அனுமதி கொஞ்ச காலத்துக்குத்தான். முடிந்தால் நீட்டிப்பு வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரித்து வண்டியில் ஏற்ற வேண்டும். நீட்டிப்புக்கு உள்ளூர் போலீஸ், இந்தக் கொட்டகையால் தொந்தரவு இல்லை என்று அறிக்கை கொடுக்க வேண்டும். எங்களுக்கு அனுமதி முடியும் நேரம் நெருங்கியிருந்தது. மழையும் நெருங்கியிருந்தது. முதலாளி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "இங்கே நீட்டிக்கலைன்னா மிஷினை பெங்களூர்க்காரன்கிட்டே தள்ளிட்டு மண்டி வெச்சுக்கறேன். எனக்கு இந்தப் பொழப்பு வேணாம்." அவருக்கு மண்டி இருந்தது, எங்களுக்கு என்ன இருந்தது? ஆபரேட்டருக்கு அந்த மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. அவரை நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன். பச்சை உடம்புக்காரியான மனைவியைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் வைத்திருந்தார். கொட்டகை போனால் அந்த வீடும் போகும், வேலையும் போகும். தினமும் காலையில் என்னைப் பார்த்தால் வேறு பேச்சே இல்லை. "போலீசு எழுதிட்டாங்களாப்பா?" என்பார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் படம் வந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் மேல் படப்பெட்டி வந்து இறங்கியது. கூடவே விநியோகஸ்தரின் ஆள் ஒருவர், வெள்ளைச் சட்டை, வாயில் வெற்றிலை. பட்டணத்தையே நடுங்க வைக்கும் கொள்ளைக் கூட்டம், முகமூடித் தலைவன், பாதாள அறை, துப்பாக்கிச் சண்டை என்று பெட்டி திறக்கும் முன்பே வாய் ஓயாமல் பேசினார். நானும் விளம்பர வண்டியில் ஏறி, தேன்கனிக்கோட்டை ரோடு வரை மூன்று மொழியிலும் தொண்டை கிழியக் கத்தினேன். நாட்றாம்பாளையம் மலைப்பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்தவர்கள்கூட முதல் நாளே டிக்கெட் வாங்கினார்கள்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த எரிச்சலை இன்றுவரை மறக்கவில்லை. கொள்ளைக் கூட்டம் கொள்ளையே அடிக்கவில்லை. நீள மேஜை ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். எங்கே கொள்ளையடிக்கலாம் என்று பேசினார்கள், அடித்துவிட்டு வந்ததாகப் பேசினார்கள், யார் காட்டிக்கொடுத்தான் என்று பேசினார்கள். எங்கள் பஞ்சாயத்து போர்டு கூட்டத்தில் இதைவிட அடிதடி அதிகம். தலைவன் திரைக்குப் பின்னால் இருந்து கரகரத்த குரலில் உத்தரவு போடுவான். அவன் யார் என்பது கடைசி வரை ரகசியமாம். முதல் ரீலிலேயே தர்மப்பிரபுவாக ஒருவர் வந்து அதே கரகரத்த குரலில் ஏழைகளுக்கு வேட்டி கொடுப்பார். மணலில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்திக்குக்கூடத் தெரிந்துவிட்டது, படத்தில் இருந்த போலீசுக்குத்தான் தெரியவில்லை. துப்பாக்கி ஒரே ஒரு தடவை வெடித்தது, அதுவும் தவறி.

இதைவிடப் பெரிய சங்கடம் வேறு. கொள்ளையோடு அந்தக் கூட்டம் செய்த இன்னொரு தொழில் சாராயக் கடத்தல். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு, எல்லை தாண்டினால் மைசூர் ராஜ்யத்தில் கடை திறந்திருக்கும். கடத்தல் என்றால் என்னவென்று கெலமங்கலத்துக்காரனுக்கு ஒரு சினிமாக்காரன் சொல்லித்தர வேண்டுமா? கொட்டகையில் முன்வரிசையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு படம் பார்ப்பார் முனியப்பா. அவருக்கு வைக்கோல் வியாபாரம். வைக்கோலுக்கு அடியில் என்ன வரும் என்பது ஊருக்கே தெரியும். படத்தில் கூட்டத்தார் ஒவ்வொருவரும் பாதாள அறைக் கதவில் சிங்கத்தலை மோதிரத்தைக் காட்டி உள்ளே போவதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னாத்துக்குய்யா மோதிரம்?" என்றார் சத்தமாக. "ஊர்ல இருக்கறவன் எல்லாம் கேக்கறதுக்கா? வண்டிய ஓட்டுனமா, வந்தமான்னு இருக்கணும். பேசிக்கினே உக்காந்திருந்தா விடிஞ்சு பூடும்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. மேஜையைச் சுற்றி உட்காரும் காட்சி வரும்போதெல்லாம் யாராவது ஒருவன் "பேசுங்க பேசுங்க" என்பான். கன்னடக்காரர்கள் "சாக்கப்பா சாக்கு" என்றார்கள், போதுமப்பா போதும் என்று. எல்லாவற்றிலும் நீளமான மேஜைக் காட்சி நடுவில் ஒரு முழு ரீலுக்கு வந்தது. முதல் நாள் அந்த ரீல் ஓடும்போது பாதிப் பேர் எழுந்து வெளியே போய் பீடி பிடித்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் பெரிய சந்தை. மத்தியானம் முதலாளி வந்தார். பக்கத்தில் வெற்றிலை மென்றபடி விநியோகஸ்தரின் ஆள்.

"யோவ் மேனேஜர், அந்த மேஜை ரீலைத் தூக்கிடு."

"அதுல ஒரு விஷயம் இருக்குதுங்க முதலாளி," என்றேன். இருந்தது. அந்த நீள மேஜைப் பேச்சுக்கு முன்னால், படத்தின் போலீஸ் இன்ஸ்பெக்டரை மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டு, நீ கெட்டுப்போனவன் மாதிரி நடித்து அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள், உன் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லக்கூடாது என்று உத்தரவு போடுவார். அந்த ரீலைத் தூக்கினால், அதுவரை திருடனைத் துரத்திய இன்ஸ்பெக்டர் அடுத்த ரீலில் திடீரென்று திருடர்களோடு உட்கார்ந்து பெட்டி வாங்கிக்கொண்டிருப்பார்.

"அத நீ மைக்குல சொல்லிடேன். அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கறேன்?" என்றார் முதலாளி.

"சொல்றது வேற, பாக்கறது வேறங்க."

"சந்தைக் கூட்டம் எழுந்து போனா நீ வந்து உக்காருவியா?"

விநியோகஸ்தரின் ஆள் துப்பிவிட்டு வந்து, "எல்லா ஊர்லயும் தூக்கறாங்க" என்றார். எல்லா ஊரிலும் தூக்குகிறார்கள். இந்த வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் அந்த ஆளை நம்பாதீர்கள். எல்லா ஊரிலும் என்ன நடந்தது என்று அவன் இருந்து பார்த்ததே இல்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அவரு படத்தை அவரு வெட்டறாரு. நான் என்ன பண்ணட்டும்? ஆனா அந்த ரீலைப் பெட்டிக்குள்ள வெக்க மாட்டேன். சுத்தி, மாட்டற மாதிரியே கைக்குப் பக்கத்துல வெச்சிருப்பேன்." பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். போலீஸ் எழுதவில்லை என்றேன். இன்றைக்கு முதல் ஆட்டத்துக்குச் சப்-இன்ஸ்பெக்டரே குடும்பத்தோடு வருகிறார், பார்த்துவிட்டுத்தான் எழுதுவார் என்றேன்.

அந்தச் சப்-இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிக்காரர், ஊருக்குப் புதிது. அதிகம் பேசமாட்டார். வந்த சில நாளிலேயே அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. முனியப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து காபி குடிக்கிறார், முனியப்பா வண்டியில் ஏறிப் போகிறார், இரண்டு பேரும் கூட்டு என்று. பார்த்தவர்கள் இருந்தார்கள், நானே ஒரு தரம் பார்த்தேன். அவர் மனைவி தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று ஆபரேட்டரின் மனைவி சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் சந்தை கலைந்து கொட்டகை நிரம்பியது. சப்-இன்ஸ்பெக்டர் சாதாரண வேட்டி சட்டையில் வந்தார். கூட மனைவி, சின்னப் பெண் குழந்தை ஒன்று. முதலாளியே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார், கலர் சோடா கொடுத்தார். முனியப்பா வழக்கம்போல் முன்னால் துண்டை விரித்திருந்தார். முதல் சில ரீல்கள் சிரிப்பும் கேலியுமாக நகர்ந்தன. தூக்கவேண்டிய ரீலின் இடம் வந்தது. விளக்கைப் போட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்குக்குப் போனால், மைக்கை முதலாளி பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"பெரியோர்களே, தாய்மார்களே," என்று ஆரம்பித்தார். "இன்னைக்கி நம்ம கொட்டகைக்கு நம்ம சப்-இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களே குடும்பத்தோட வந்திருக்கறாங்க. அதோ, அந்த நாற்காலில உக்காந்திருக்கறாங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. முதலாளிக்கு மைக் கிடைத்தால் போதும். ஐயாவின் நேர்மை, ஐயாவின் தைரியம், ஐயா வந்த பிறகு ஊரில் திருட்டே இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் பின்னால் நின்று அவர் சட்டையை இழுத்தேன். "முதலாளி, கதை சொல்லணும், விடுங்க" என்றேன். கையைத் தட்டிவிட்டார். மேலே அண்ணன் அடுத்த ரீலை மாட்டி முடித்துவிட்டார். பேச்சு முடியட்டும் என்று பார்த்திருப்பார் போலிருக்கிறது, முதலாளி கும்பிட்டதும் விளக்கு அணைந்தது. நான் மைக்கைப் பிடுங்கியபோது படம் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்கு அழுகை வராத குறை.

திரையில் போலீஸ் இன்ஸ்பெக்டர். பாதாள அறைக் கதவில் சிங்கத்தலை மோதிரத்தைக் காட்டுகிறார். உள்ளே போய் மேஜையில் உட்காருகிறார். தலைவன் திரைக்குப் பின்னாலிருந்து, "இனி நீ நம் ஆள்" என்கிறான். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொள்கிறார்.

பிறகு இருட்டுக்குள்ளிருந்து யாரோ நிதானமாகச் சொன்னான். "இது நம்மூரு கதையாட்டமே இருக்குதே."

அப்புறம் வந்தது சிரிப்பு. முதல் நாள் கேட்ட சிரிப்பு இல்லை, வேறு சிரிப்பு. மணலில் இருந்தவர்கள் படத்தை விட்டுவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். "காபி சாப்புட்டாச்சுங்களா ஐயா" என்று ஒருவன் கேட்டான். பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு. முனியப்பா மட்டும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டரின் மனைவி குழந்தையை மடியில் இழுத்து முந்தானையால் மூடினார். குழந்தைக்கு என்ன தெரியும், ஏன் அம்மா எல்லாரும் நம்மைப் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். மனைவியிடம் ஏதோ சொன்னார், அவரும் எழுந்தார்.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். அவர் அந்த வாசலைத் தாண்டினால் கொட்டகை போயிற்று. அண்ணன் மனைவி கைக்குழந்தையோடு மழையில் வண்டி ஏறவேண்டும். இது எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும், அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினார், அவ்வளவுதான். என் கையில் மைக் இருந்தது. என்ன சொல்லலாம்? ஐயா நல்லவர், சிரிக்காதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் இரண்டு மடங்கு சிரிப்பார்கள். திரையில் இருப்பவர் நல்லவர்தான், நடிக்கிறார் என்று மூன்று மொழியில் கதை சொல்லலாம். யார் நம்புவார்கள்? மோதிரம் காட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். கண்ணால் பார்த்ததைக் காதால் அழிக்க முடியாது. மத்தியானமே சொன்னேன், கேட்டாரா அந்த மனிதர்?

டார்ச்சை எடுத்து மிஷின் அறை ஓட்டையைப் பார்த்து ஆட்டினேன். எங்களுக்குள் அதற்கு நிறுத்து என்று அர்த்தம். படம் நின்றது. விளக்கு வந்தது. இத்தனை கூட்டத்தில் நடுவில் படத்தை நிறுத்தினால் மூங்கிலைப் பிடுங்குவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை.

"ஒரு ரீலை நாங்க போடாம தூக்கி வெச்சுட்டோம்," என்றேன் மைக்கில். "நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு பயந்துக்கிட்டு எடுத்து வெச்சோம். அதுலதான் அந்த இன்ஸ்பெக்டர் ஏன் அங்க போனாருன்னு இருக்குது. இப்போ அதைப் போடறோம். பாத்துட்டு அப்புறம் சிரிங்க." இதையே தெலுங்கில் சொன்னேன், கன்னடத்தில் சொன்னேன்.

கூச்சல் எழுந்தது. ஏமாத்தறீங்களா என்றார்கள், டிக்கெட்டைக் கிழித்து எறிந்தார்கள், ஒரு செருப்பு என் காதோரம் போயிற்று. முதலாளி என் முழங்கையைக் கிள்ளினார். "டேய், காசைத் திருப்பிக் கேப்பானுங்கடா, வாயை மூடு" என்றார். நான் மைக்கை வைத்துவிட்டு நாற்காலிப் பக்கம் போனேன்.

"ஐயா, ஒரு ரீல் மட்டும் இருந்துட்டுப் போங்க," என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், களைப்புத்தான் இருந்தது. மனைவியை உட்காரச் சொன்னார். தான் மட்டும் உட்காரவில்லை. வாசல் மூங்கிலில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த ரீல் ஓடியது. மேலதிகாரி ஓர் அறையில் உலாத்திக்கொண்டே பேசுகிறார். பேசுகிறார், பேசுகிறார். உன்னை ஊர் திருடன் என்னும், உன் பெண்டாட்டி அழுவாள், நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்கிறார். இன்ஸ்பெக்டர் சரி என்கிறார். அதற்கப்புறம் மேஜை, மேஜையைச் சுற்றித் திருடர்கள், அவர்களின் முடிவில்லாத பேச்சு. முதல் நாள் பாதிப் பேரைப் பீடி பிடிக்க வெளியே அனுப்பிய ரீல். அன்றைக்கு ஒருவன்கூட இருமவில்லை. அந்தப் படத்திலேயே படுமோசமான ரீலை அவ்வளவு மரியாதையாக எந்த ஊரிலும் பார்த்திருக்கமாட்டார்கள்.

ரீல் முடிந்து விளக்கு வந்ததும், முதல் நாள் பாதியில் எழுந்து போயிருந்த முனியப்பா முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "அப்ப அவரு நல்லவருதானா? முன்னாடியே போட்டுக் காட்டறதுக்கு என்னய்யா கேடு?"

இப்போது வந்தது பழைய சிரிப்பு. கொட்டகை தளர்ந்தது. தூக்கம் சொக்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் குடும்பம் யாரும் வழிமறிக்காமல் வெளியே போனது. ஒருவன் எழுந்து வழிகூட விட்டான். மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். அறிக்கை தயாராக இருந்தது. கொட்டகையால் தொந்தரவு இல்லை என்று எழுதியிருந்தார். ஊர்க்காரர்கள் ஏதோ பேசுகிறார்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று உளறினேன்.

"அந்தப் படத்துல இருந்தவருக்கு ஒரு ரீலாவது இருந்துச்சு," என்றார். "எனக்கு யாரு போட்டுக் காட்டுவா? நீங்க போங்க தம்பி, வேலையப் பாருங்க."

நீட்டிப்பு வந்தது. அண்ணன் மனைவி அந்த ஓட்டு வீட்டிலேயே மழைக்காலத்தைக் கழித்தாள். முதலாளி என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? மறுநாளே, "இப்பத்தான் எல்லாருக்கும் கதை தெரிஞ்சுபோச்சே, இனிமே அந்த ரீலைத் தூக்கிடலாம்" என்றார். அண்ணன் அதற்குள் அந்த ரீலை மற்ற ரீல்களோடு அதனிடத்தில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன், என் சமர்த்தைச் சொல்லிக்கொள்வதற்கு எனக்கு வேறு கதைகள் உண்டு. கொஞ்ச நாள் கழித்து ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேலத்துக்கு மனுப் போட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் முனியப்பாவோடு கூட்டு, மாற்ற வேண்டும் என்று. அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்து, அந்த ரீலை இருமாமல் பார்த்தவர்கள்தான். மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. உத்தரவு கையில் இருக்கும்போது ஒரு விடியற்காலை அவர் தேன்கனிக்கோட்டை ரோட்டில் முனியப்பாவின் வண்டிகள் அத்தனையையும் மடக்கினார். வைக்கோலுக்கு அடியில் பீப்பாய்கள். எந்த வண்டி, எந்த வழி, எந்த நாள் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து காபி குடித்ததும் வண்டியில் ஏறிப் போனதும் அதற்குத்தான். முனியப்பாவை விலங்கு மாட்டிக் கூட்டிப்போனதை ஊரே நின்று பார்த்தது.

பார்த்துவிட்டு ஊர் என்ன சொன்னது தெரியுமா? பங்கில் தகராறு என்றது. போகிற நேரத்தில் கேட்ட பங்கைக் கொடுக்கவில்லை, பிடித்துக் கொடுத்துவிட்டான் என்றது. டீக்கடையில் என்னிடமே ஒருவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொன்னார். நான் அவரிடம் கத்தினேன். கத்தி என்ன ஆகிறது? அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

சப்-இன்ஸ்பெக்டர் குடும்பம் ஊரைவிட்டுப் போன அன்று பஸ்ஸடிக்குப் போனேன். வேறு யாரும் வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பெட்டிகளை பஸ் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி குழந்தையோடு நிழலில் நின்றார். என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், அன்று அவராகவே கேட்டார்.

"நாங்க பாதியில எந்திச்சு வந்துட்டோமே, அந்தப் படம் கடைசில என்னாச்சு?"

"இன்ஸ்பெக்டர் எல்லாரையும் பிடிச்சுடுவாருங்க," என்றேன். "ஊருக்கே உண்மை தெரிஞ்சுடும். திட்டினவங்க எல்லாரும் வந்து மன்னிப்புக் கேட்டு அவருக்கு மாலை போடுவாங்க. அதோட முடிஞ்சுடும்."

"மாலை வேற போட்டாவளா?" என்று கேட்டுவிட்டு, குழந்தையின் செருப்பைச் சரிசெய்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் படியில் கால் வைத்தபின் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பம் படம் நல்லாயில்லன்னு எல்லாரும் சொன்னது சரிதாம்," என்றார்.